மூழ்கிய கண்டத்தைத் தேடி லெமூரியா வரை போக வேண்டாம்

ஒரு தந்தையின் கேள்வி இது. மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். நிலத்தட்டு நகர்வு புவியியல் பாடத்தில் வருகிறது, உயிரினப் பரவல் உயிரியலில் வருகிறது, இரண்டையும் முடிச்சுப் போட்டு யாரும் சொல்லித் தரவில்லை என்கிறாள். பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரின் புக்கிட் தீமா மலை ஏறியபோது வரிசையாகக் கேட்டிருக்கிறாள். கையகலத் தீவில் இத்தனை வகை மரமும் பூச்சியும் எப்படி? நாலரை மணி நேரம் பறந்தால் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் வந்துவிடுகிறது, ஒரு கங்காருகூட இந்தப் பக்கம் வரவில்லையே, ஏன்? அப்படியானால் செந்தோசாவில் கத்திக்கொண்டு பறக்கும் வெள்ளைக் கொண்டைக்கிளி மட்டும் எப்படி வந்தது? நடுவில் தாத்தா வேறு, "லெமூரியாக் கண்டம் மூழ்கிற்று, அதான் காரணம்" என்று வழக்கை முடித்துவைத்துவிட்டாராம்.

தாத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொன்ன விடை தவறுதான். ஆனால் லெமூரியா என்ற பெயர் பிறந்ததே உங்கள் மகள் கேட்ட மாதிரி ஒரு கேள்வியில்தான்.

1864-இல் பிலிப் ஸ்கிலேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மடகாஸ்கர் முழுக்க லெமூர்கள், குரங்குக்கு உறவான விலங்குகள். அவற்றின் தூரத்துச் சொந்தங்கள் ஆப்பிரிக்காவில் இருக்கின்றன, தென்னிந்தியாவில் இருக்கின்றன, நம் மலாய் மண்ணிலும் இருக்கின்றன. ஊர்ப்பக்கம் தேவாங்கு என்போமே, அதுதான். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்க் காட்டை 2022-இல் தேவாங்குக்கென்றே சரணாலயமாக அறிவித்தார்கள். சிங்கப்பூர்க் காட்டிலும் ஒரு வகைத் தேவாங்கு உண்டு, இரவில் கிளையைப் பிடித்தபடி அசையாமல் இருக்கும், கண்ணில் படுவது அபூர்வம். இவ்வளவு பெரிய கடல் குறுக்கே கிடக்க, இரண்டு கரையிலும் ஒரே குடும்பம் எப்படி? நிலம் அசையும் என்பதை அன்று பெரும்பாலோர் நினைத்தும் பார்க்கவில்லை. ஆகவே நடுவில் ஒரு கண்டம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார் ஸ்கிலேட்டர், லெமூரின் பெயரையே அதற்குச் சூட்டினார். கடல்கோளைப் பாட்டில் பத்திரப்படுத்தி வைத்திருந்த நமக்கு அது இனித்தது. குமரிக்கண்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டோம்.

1912-இல் ஆல்ஃபிரட் வெக்னர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர், நிலம் மூழ்கவில்லை, நகர்ந்தது என்றார். சிரித்தவர்களே அதிகம். 1960-களில் கடலடித் தரையை ஆராய்ந்த பிறகுதான் சிரிப்பு அடங்கியது. கண்டங்களின் பாறை தடித்தது, இலேசானது. கடலடிப் பாறை மெல்லியது, அடர்ந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு அடியில் சில சின்னத் துண்டுகளைத் தவிர, லெமூரியா அளவுக்கு ஒரு கண்டம் படுத்திருக்க இடமே இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு, மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். மூழ்கிய கண்டம் போனால் போகட்டும், கண்ட நகர்வாவது லெமூர்களை விளக்குகிறதா என்றால் அதுவும் இல்லை. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டு விலகியது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன். இந்தியா மடகாஸ்கரை விட்டுக் கிளம்பியது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். லெமூரின் மூதாதை தீவுக்கு வந்ததோ அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. வெள்ளம் பிடுங்கிவந்த மரத்திட்டில் ஒட்டிக்கொண்டு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மிதந்து வந்திருக்கும் என்பதே இன்று பலரும் ஏற்கும் விளக்கம். லெமூரியா என்ற பெயருக்குக் காரணமான விலங்கே கள்ளத்தோணியில் வந்ததுதான்!

அதனால் நான் இயற்கை நடைக்குக் கூட்டிப்போகிற பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வது: "இந்த உயிர் எப்படி இங்கே?" என்று கேட்பதற்கு முன், "இந்தக் குலத்துக்கு வயசென்ன?" என்று கேளுங்கள். கோடிக்கணக்கான ஆண்டு வயசென்றால் கண்ட நகர்வைத் தேடலாம். சில இலட்சம், சில ஆயிரம் ஆண்டு விவகாரமென்றால் நிலத்தட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது, கடலின் ஆழத்தைப் பார்க்க வேண்டும். பாடப்புத்தகம் படித்த வேகத்தில் எல்லாவற்றையும் கண்ட நகர்வின் கணக்கில் எழுதுவது, தாத்தா எல்லாவற்றையும் லெமூரியா கணக்கில் எழுதியதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல.

கண்டம் சுமந்து வந்ததற்குச் சரியான சாட்சி வேண்டுமா? கேரளத்து இடுக்கியில் கிடைத்து 2003-இல் அறிவியல் பெயர் பெற்ற ஊதாத் தவளை. உப்பிய உடம்பு, பன்றி மூக்கு, ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் வாசம், மழை தொடங்கும்போது சில நாள் மட்டும் இனப்பெருக்கத்துக்கு மேலே வரும். 2017-இல் அதன் தம்பி ஒன்று தமிழ்நாட்டுப் பக்கம், திருவில்லிபுத்தூர் மலைச்சரிவில் கிடைத்தது. இந்தக் குடும்பத்துக்கு உலகத்தில் மிக நெருங்கிய சொந்தம் எங்கே என்று பார்த்தால், நடுக்கடலில், செஷல்ஸ் தீவுகளில் இருக்கும் சின்னஞ்சிறு தவளைகள். தவளைத் தோலுக்கு உப்புநீர் ஆகாது. மூவாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கடலை அவை நீந்தவில்லை. இந்தியா வடக்கே போகும் வழியில் உதிர்ந்துபோன கருங்கல் துண்டுதான் செஷல்ஸ். தவளைகள் இருந்த இடத்திலேயே இருந்தன, தரைதான் இரண்டாகப் பிரிந்தது.

அந்தப் பயணத்தில் இந்தியா ஒரு கட்டத்தில் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தது. மகளின் பென்சில் பெட்டியில் கிடக்கும் சின்ன அடிக்கோலின் நீளம். நிலத்தட்டுக்கு அது தலைதெறிக்கும் ஓட்டம். சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் போய் முட்டியது, இமயம் எழுந்தது. அதெல்லாம் பாடத்தில் இருக்கும். பாடத்தில் இல்லாதது, இந்தியாவிலிருந்து இறங்கிய பயணி ஒருவர் புக்கிட் தீமாவில் நிற்கிறார் என்பது.

போன முறை அந்த மலைப்பாதையில் ஒரு காய் என் காலடியில் வந்து விழுந்தது. பாக்களவு கொட்டை, அதன் தலையில் நீளச் சிறகு மூன்று, குட்டைச் சிறகு இரண்டு. காம்பைப் பிடித்து மேலே எறிந்தால் பூப்பந்து மாதிரி தலைகீழாகத் திரும்பிச் சுழன்றுகொண்டே இறங்கும். கூட வந்த பிள்ளைகள் பத்து நிமிடம் நகரவே இல்லை. டிப்டெரோகார்ப் என்ற பெருங்குடும்பத்தின் காய் அது. மரச்சாமான் கடையில் கேட்கும் மெரந்தி, செராயா எல்லாம் இந்தக் குடும்பம். நம் பக்கத்துச் சால மரமும், வெள்ளைக் குங்கிலியம் தரும் மரமும் இதே குடும்பம்தான். சாமி அறையில் குங்கிலியப் புகை போடுகிற வீடென்றால், அந்தப் பிசினுக்கும் புக்கிட் தீமா மரத்தில் வழிந்து காய்ந்திருக்கும் பிசினுக்கும் தாயாதி உறவு. ஆண்டுதோறும் காய்ப்பதில்லை. சில ஆண்டுகள் சும்மா இருந்துவிட்டு, ஒரு பருவத்தில் காடே சேர்ந்து காய்த்துக் கொட்டும்.

இவ்வளவு அழகான சிறகு இருந்தும் அந்தக் காய் வெகுதூரம் போகாது. பெரும்பாலானவை தாய்மரத்திலிருந்து சில பத்து மீட்டருக்குள் விழுந்துவிடும். விதையும் காயவைத்துப் பத்திரப்படுத்தக் கூடியதில்லை. விழுந்த சில நாளில் முளைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் செத்துவிடும். கடலில் மிதந்து கரை சேர்கிற தேங்காய் வேலையெல்லாம் இதற்குத் தெரியாது. ஆப்பிரிக்காவில் தோன்றிய குடும்பம், நகர்ந்துகொண்டிருந்த இந்தியாவுக்கு எப்படியோ தொற்றி, இந்தியா முட்டிய பிறகு தென்கிழக்காசியாவுக்கு இறங்கியது என்பதைத்தான் மகரந்தப் புதைபடிவங்கள் காட்டுகின்றன. குஜராத்தின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் 5 கோடி ஆண்டு வயதுள்ள இந்தக் குடும்பத்துப் பிசின், உள்ளே பூச்சி சிக்கிய அம்பராகக் கிடைத்திருக்கிறது. செஷல்ஸிலும் இந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு இனம் மிச்சம் நிற்கிறது, அதே தவளைகளுக்குத் துணையாக. வந்த இடத்தில்தான் அவர்களுக்கு யோகம் அடித்தது. இந்தியாவில் சில பத்து இனங்கள். போர்னியோவில் மட்டும் ஏறத்தாழ 270.

ஏன் இங்கே அப்படிப் பெருகின? கண்ட நகர்வு கொண்டுவந்து விட்டது, அவ்வளவுதான் அதன் வேலை. மிச்சம் மழையின் வேலை. ஒரு கணக்கு சொல்கிறேன். நீலகிரி முதுமலைக் காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தை அளந்து மரம் மரமாக எண்ணியிருக்கிறார்கள், சுமார் 70 இனம். மலேசியாவின் நெகிரி செம்பிலானில் பாசோ காட்டில் அதே 50 ஹெக்டேரில் எண்ணியபோது 800 இனத்துக்கு மேல். முதுமலையில் மாதக்கணக்கில் வறட்சி, தீ, போதாக்குறைக்கு யானை. பாசோவில் வறண்ட மாதம் என்று சொல்லும்படி ஒன்று கிடையாது. சிங்கப்பூரிலும் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல், எந்த மாதமும் வெறுங்கையோடு போகாமல் பெய்கிறது. பூமத்தியரேகைக்கு வடக்கே 137 கிலோமீட்டரில் இருக்கிறோம், பனிக்காலம் வந்து காட்டைத் துடைத்துப்போட்டதில்லை. 1854-இல் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் புக்கிட் தீமாவில் ஒரு பாதிரியாரின் வீட்டில் தங்கி, இரண்டு மாதத்தில் சுமார் 700 வகை வண்டு பிடித்தார், பெரும்பாலும் ஒரு சதுர மைலுக்குள். மரம் வெட்டும் சீனத் தொழிலாளர்கள் போட்டுவைத்த கட்டைகளும் மரத்தூளும் வண்டுகளுக்கு விருந்தாக இருந்ததும் ஒரு காரணம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

கங்காரு கேள்விக்கு இந்த வாலஸ்தான் சரியான ஆள். 1856-இல் அவர் சிங்கப்பூரிலிருந்து சுலாவெசித் தீவின் மக்காசார் போக வேண்டும், நேரே போகும் கப்பல் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் பாலித் தீவு வழியாகப் போனார். பாலியில் பார்த்த பறவைகள் ஆசியப் பறவைகள், மரங்கொத்தி, குக்குறுவான் என்று நமக்குப் பழகிய முகங்கள். குறுகிய நீரிணையைக் கடந்து லொம்போக்கில் இறங்கினால் அவற்றைக் காணோம், வெள்ளைக் கொண்டைக்கிளி பறக்கிறது. பாலி மலையிலிருந்து பார்த்தால் லொம்போக் மலை தெரியும், அவ்வளவு பக்கம். கப்பல் நேரே கிடைத்திருந்தால் தன் மிக முக்கியமான கண்டுபிடிப்புகளில் சிலவற்றைத் தவறவிட்டிருப்பேன் என்று பின்னால் எழுதினார். ஆசிய விலங்குகளையும் ஆஸ்திரேலிய விலங்குகளையும் பிரித்து அந்த இடைவெளியில் ஓடும் கோட்டைத்தான் இன்று வாலஸ் கோடு என்கிறோம்.

இங்கேதான் தாத்தாவுக்கு நல்ல செய்தி. மூழ்கிய நிலம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, அதன் மேட்டில்தான் நாம் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். பெயர் சுண்டாலாந்து. 20,000 ஆண்டுகளுக்கு முன், பூமியின் தண்ணீரில் ஒரு பங்கு வடக்கே பனிப்பாளமாக உறைந்து நின்றபோது, கடல் இன்றைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஜாவாக் கடலின் சராசரி ஆழமே 46 மீட்டர்தான். ஆகவே தீபகற்ப மலேசியா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ, பாலி எல்லாம் ஒரே தரை. சிங்கப்பூர் தீவு இல்லை, உள்நாட்டு மேடு. ஜொகூர்க் கடற்பாலத்தில் வரிசை பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் புலியும் யானையும் போர்னியோ பக்கம் நடந்திருக்கலாம். பிறகு பனி உருகியது, கடல் ஏறியது, தமிழ்நாட்டைப் போல் பத்து மடங்குக்கு மேற்பட்ட சமவெளி தண்ணீருக்குள் போனது.

அந்தச் சமவெளியில் ஓடிய ஆறுகளின் பள்ளங்கள் தென்சீனக் கடலுக்கு அடியில் இன்னும் இருக்கின்றன. மீன்களிடம் கேட்டாலும் தெரியும். போர்னியோவின் மேற்கே ஓடும் கப்புவாஸ் ஆற்று மீன்களுக்கு, அதே தீவின் கிழக்கே ஓடும் மகாகம் ஆற்று மீன்களைவிட, கடல் கடந்த சுமத்ரா ஆற்று மீன்களோடுதான் நெருங்கிய உறவு. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே பேராற்றின் கிளைகள். நன்னீர் மீன் உப்புக்கடலைத் தாண்டிப் பெண் எடுத்திருக்க முடியாதல்லவா?

பாலிக்கும் லொம்போக்குக்கும் நடுவில் கடல் 120 மீட்டர் இறங்கியும் தரை தெரியவில்லை. அங்கே ஆழம் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் புலி பாலி வரைக்கும் போனது, லொம்போக்குக்குப் போகவில்லை. கங்காருவின் கதை இதன் மறுபக்கம். ஆஸ்திரேலியா அண்டார்ட்டிகாவை விட்டுப் பிரிந்து, பைப்பாலூட்டிகளைச் சுமந்துகொண்டு தனியாக வடக்கே வந்தது, இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வந்துகொண்டிருக்கிறது. அதன் நிலத்தட்டு நம் பக்கத்தை உரசத் தொடங்கியே இரண்டரைக் கோடி ஆண்டுதான் ஆகிறது. நடுவில் உள்ள ஆழ்கடல் பள்ளங்கள் இன்னும் மூடவில்லை. இந்தியா வந்து முட்டி இறக்கிவிட்டது, ஆஸ்திரேலியா இன்னும் படகுத்துறையை நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மகளுக்குப் புரியும். வாலஸ் கோடும் இரும்புச் சுவர் இல்லை. சுலாவெசியில் இரு பக்கத்து விலங்கும் கலந்திருக்கின்றன. புலாவ் உபினில் நாம் பார்க்கும் இருவாச்சியின் உறவினர் நியூகினி வரைக்கும் பறந்து போயிருக்கிறார்கள். நீந்தக் கூடியவர்களுக்கும் கடல் ஒரு பொருட்டில்லை. 1990-இல் மூன்று யானைகள் ஜொகூரிலிருந்து நீந்தித் தெக்கோங் தீவில் கரையேறின.

தரை இணைந்தால் போதும், உயிர்கள் கலந்துவிடும் என்று நினைப்பதும் தவறு. இதை நான் நெடுநாள் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். பாக் நீரிணை ஆழமில்லாதது. கடல் இறங்கிய காலங்களிலெல்லாம் இராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் நடுவே நடந்தே போயிருக்கலாம். அப்படியானால் மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளையும் இலங்கையின் சிங்கராஜா காட்டுத் தவளையும் ஒன்றாக இருக்க வேண்டும். மரபணுவைப் பார்த்தபோது இரண்டும் வெகுகாலமாகத் தனித்தனியாகக் கிளைத்தவை என்று தெரிந்தது. காரணம் எளிது. பாலம் இருந்தது, ஆனால் அது இராமநாதபுரம் மாதிரி வறண்ட பாலம். ஈரக்காட்டுத் தவளைக்கு அதுவும் ஒரு கடல்தான். நம் பக்கத்திலும் இதே வழக்கு இருக்கிறது. மண்டாய் விலங்குத் தோட்டத்தில் பார்க்கிறோமே ஓராங் உத்தான், அது சுமத்ராவில் வேறு இனம், போர்னியோவில் வேறு இனம். சுண்டாலாந்து ஒரே தரையாக இருந்தும் ஏன் பிரிந்தே இருந்தன? நடுச் சமவெளி காடாக இல்லாமல் புல்வெளியாக இருந்ததா, பெரிய ஆறுகள் குறுக்கிட்டனவா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமுகப்படவில்லை. எனக்குப் புல்வெளிக் கட்சியின் பக்கம்தான் சாய்வு. ஆனால் மண்டாயில் வழிகாட்டும்போது இரண்டையும் சொல்லிவிடுவேன்.

தடை என்பது கடலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாலக்காட்டுக் கணவாய் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலமுள்ள வெக்கைச் சமவெளி. அதற்கு வடக்கே ஒரு சோலைக்கிளி, தெற்கே வேறொரு சோலைக்கிளி. இரண்டும் உயரமலைச் சோலையை விட்டு இறங்காத குருவிகள். அவற்றின் பேரினத்துக்கே அறிவியலில் சோலிகோலா என்றுதான் பெயர், நம் சோலை அதில் இருக்கிறது.

சிங்கப்பூருக்குள்ளேயும் இப்படி ஒன்று உண்டு. புக்கிட் தீமாவின் ஓடைகளில் ஒரு நன்னீர் நண்டு, ஜொஹோரா சிங்கப்பூரென்சிஸ், 1986-இல் பெயர் வைத்தார்கள். சிங்கப்பூரை விட்டால் உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. பெரியதே மூன்று சென்டிமீட்டர் அளவுதான் இருக்கும், கல்லைப் புரட்டினால் சேற்று நிறத்தில் ஓரமாக நகரும். (தயவுசெய்து புரட்டாதீர்கள்.) கடல் நண்டின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து ஊர் ஊராகப் போகும். இதன் குஞ்சுகள் முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வெளியே வந்து அதே ஓடையில் தங்கிவிடும். அதற்கு ஒரு மலையின் தண்ணீர்தான் உலகம், அடுத்த ஓடை அயல்நாடு. பேரினத்தின் மற்ற நண்டுகள் தீபகற்ப மலேசியாவின் மலைகளில், ஒவ்வொன்றும் தன் தன் ஓடையில்.

உயிர்களைப் பிரிக்கும் இந்த வேலையைக் கண்டங்கள் மெதுவாகச் செய்தன, நாம் வேகமாகச் செய்கிறோம். 1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை திறந்தபோது புக்கிட் தீமாக் காடு மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரிந்தது. ஆறு தடச் சாலை ஓர் அழுங்குக்கு (எறும்புத்தின்னிக்கு) லொம்போக் நீரிணைதான். 2013-இல் சாலைக்கு மேலே மரம் நட்ட பாலம் ஒன்று கட்டி முடித்தார்கள், குறுகலான இடத்திலும் 50 மீட்டர் அகலம். அழுங்கு அதில் கடந்து போவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் பாலத்துக்கு முன்பே போனவை போனவைதான். கடந்த இரண்டு நூற்றாண்டில் இந்தத் தீவின் இனங்களில் ஏறத்தாழ 37 விழுக்காடு இங்கே அழிந்திருக்கும் என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கடைசிப் புலியை 1930-இல் சுவா சூ காங்கில் சுட்டார்கள்.

கொண்டைக்கிளி பாக்கி. மகள் சரியாகத்தான் சந்தேகப்பட்டிருக்கிறாள், அது வாலஸ் கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பறவை. செந்தோசாவில் அவள் பார்த்ததற்கு மஞ்சள் கொண்டை இருந்திருந்தால் அதன் சொந்த ஊர் சுலாவெசி, லொம்போக், திமோர் பக்கம். வாலஸ் லொம்போக்கில் பார்த்ததும் அதே பறவைதான். கண்டமும் கொண்டுவரவில்லை, கடலும் வழிவிடவில்லை. கூண்டில் வளர்க்கக் கொண்டுவந்தவை தப்பியோ திறந்துவிடப்பட்டோ பெருகின. சொந்தத் தீவுகளில் பிடித்துப் பிடித்து விற்று, அங்கே அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. இங்கே கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புகார் வருகிறது.